உரத்தொட்டி விசிலடித்த கதை

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யாராவது வந்து, "உனக்கெப்படித் தெரியும்?" என்று மடக்கினால் திருதிருவென்று முழிக்க வேண்டியிராது. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். என் வீட்டுச் சுவருக்கு ஜன்னலும் உண்டு. அதைத் திறந்தால் நேர் கீழே தொடக்கப் பள்ளியின் பின்முற்றம். அங்கே சுற்றுச்சுவரை ஒட்டி, பழைய பலகைகளை அடித்துச் செய்த இடுப்புயர உரத்தொட்டி. பிள்ளைகள் மதியம் தின்று மிச்சம் வைப்பதெல்லாம் அதற்குத்தான் தீனி.

நான் காய் நறுக்குவது அந்த ஜன்னலோரம். பள்ளி நடக்கும் நாட்களில் ஒரு வெங்காயத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கும். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஜன்னல் அக்கா. அக்கா என்றது அவர்களுடைய பெருந்தன்மை.

தொடக்கம் சரியாக வரவில்லை. சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

*மாலை வெயில் பள்ளி முற்றத்தில் சாய்ந்திருந்தது. தொட்டியின் பலகைகள் மீது அதன் —*

வெயிலை யார் கேட்டார்கள்? அடித்துவிட்டேன்.

*மண்ணிலிருந்து வந்த நாம் மண்ணுக்கே —*

இது இரங்கல் கூட்டத்தில் பேசுவது. இதுவும் போனது.

*இரண்டாம் வகுப்பு டீச்சருக்குக் குப்பை என்றால் உயிர்.*

இது பரவாயில்லை. கொஞ்சம் நக்கலாக இருக்கிறது, ஆனால் பொய்யில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

2

இரண்டாம் வகுப்பு டீச்சருக்குக் குப்பை என்றால் உயிர். இந்தத் தொட்டி வருவதற்கு முன்னால் மதியச் சாப்பாட்டு மிச்சமெல்லாம் கறுப்புப் பைகளில் கட்டி வாசலுக்குப் போகும். காக்கைகள் பையைக் கிழித்துத் தெருவுக்கே பந்தி வைக்கும். உரத்தொட்டி வைக்க அனுமதி கேட்டு டீச்சர் தலைமையாசிரியையிடம் போய் நின்றார். தலைமையாசிரியை எதையும் எளிதில் ஒப்புக்கொள்கிறவர் அல்ல. "நாத்தம்னு ஒரே ஒரு ஆள் சொன்னாலும் அன்னிக்கே எடுத்துடணும்" என்றார். அந்த ஒரே ஒரு ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் மூக்கைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

நாற்றம் வரவில்லை. மழை நின்ற காட்டில் வருமே, அப்படி ஒரு வாசனை வந்தது. எனக்கு ஏமாற்றந்தான்.

தினமும் சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். ஆப்பிள் நடுத்தண்டு, ஆரஞ்சுத் தோல், ரொட்டி ஓரம், முட்டை ஓடு எல்லாம் உள்ளே விழும். மேலே ஒவ்வொருவரும் ஒரு கை காய்ந்த இலை போட வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் டீச்சர் நான்கு பல் வைத்த நீளக் கம்பியால் மொத்தத்தையும் கிளறிவிடுவார்.

ஒரு குளிர்ந்த காலையில் மூடியைத் திறந்தபோது தொட்டியிலிருந்து ஆவி எழுந்தது. யாரும் தீ வைக்கவில்லை. ஆப்பிள் தண்டும் காய்ந்த இலையும் தாமாகச் சூடாகி, வாய் திறந்து மூச்சு விட்டன. ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் வாயடைத்து நின்றதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். என் கத்தியும் வெங்காயத்தின் பாதியில் நின்றுவிட்டது.

"உயிரோட இருக்கா டீச்சர்?" என்று ஒரு குரல்.

"ஆமா. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான பேர் உள்ள உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. அவங்க சாப்பிடுற சூடுதான் இது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். [இங்கே டீச்சர் பாத்திரத்தின் மேல் எனக்கொரு சந்தேகம் வருகிறது. இவ்வளவு நல்லவராக இருந்தால் வாசகர் நம்பமாட்டார். ஒரு குறை வைக்க வேண்டும். நல்லவேளை, வைக்க வேண்டியதில்லை, அவரிடமே இருக்கிறது. பெரிய பெரிய வாக்கியமாகப் பேசுவதில் அவருக்கு ஆசை. பிள்ளைகளின் கண் விரிந்துவிட்டால் அவருக்கு வாய் நிற்காது.] அன்றைக்கு அத்தனை கண்களும் விரிந்திருந்தன. டீச்சர் தொட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"இதுக்குள்ள போற எதுவும் வீணாப் போகாது. பொறுமையா இருந்தா, நமக்கு வேணுங்கிற பொருளா மாறி வெளிய வரும்."

அவர் சொன்னது மண்ணை. அதைச் சொல்லவில்லை.

இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது அந்த ஒரு வாக்கியந்தான். மறந்துவிடாதீர்கள்.

3

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கம்பியில் என்னென்னவோ சிக்க ஆரம்பித்தன. முதலில் ஒற்றை ஷூ. பிறகு எட்டாக மடித்த கணக்குத் தேர்வுத்தாள், உள்ளே பெரிய முட்டை. கைதுடைக்கும் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றிய ஒரு பால்பல். விரல் நுனி அளவுக்குத் தேய்ந்த பென்சில்.

டீச்சர் ஆசிரியர் அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "என் தொட்டிக்கு இப்பப் பசி அதிகமாயிடுச்சு. ஷூவையெல்லாம் தின்னுது." எடுத்தவற்றைக் கழுவி, தொலைந்த பொருள் கூடையில் போட்டு வைத்தார். ஒருவரும் கேட்டு வரவில்லை. தொலைத்தவர்தானே தேடுவார்? இவற்றை விதைத்திருந்தார்கள்.

*அடிக்குறிப்பு: தேர்வுத்தாளை மட்டும் டீச்சர் எடுக்காமல் விட்டிருக்கலாம். காகிதம் மக்கும். முட்டையும் சேர்ந்து மக்கியிருக்கும். விதிப்படி செல்லுபடியாகக்கூடிய ஒரே விண்ணப்பம் அதுதான்.*

அந்த வகுப்பில் ஒரு சிறுமி. அவள் அம்மா வீட்டில் கூப்பிடுவது பாப்பா. வகுப்பு வைத்த பெயர் 'என்னா'. எதைச் சொன்னாலும் முதல் தடவையில் "என்னா?" என்று கேட்பாள் என்பதால் அந்தப் பெயர். இடது காது பிறந்ததிலிருந்தே கேட்காது. வலது காதுக்கு ஒரு கருவி, பட்டாணி அளவில் உள்ளே ஒன்று, காதின் பின்னால் வளைந்து உட்காரும் ஒன்று. அதை மாட்டினால் கேட்கும், ஆனால் விளையாட்டு மைதானத்தில் நாற்பது பேர் கத்தும்போது நாற்பதும் ஒரே இரைச்சல். அதனால் அவள் உதடுகளைப் படிக்கப் பழகியிருந்தாள். யார் பேசினாலும் வாயையே பார்ப்பாள். எனக்கு அவளைப் பார்த்தால் கொஞ்சம் பயம். வம்பு பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்தித் தப்பிப்பார்கள். இவளிடம் அது நடக்காது. தெருமுனையில் நின்றே படித்துவிடுவாள்.

4

கதை நடக்கும் வெள்ளிக்கிழமை இது.

[வானம், பறவைகள், மணியோசை ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.]

பள்ளி விட்டு, பிள்ளைகள் பாதிப் பேர் போயிருந்தார்கள். பாப்பாவின் அம்மா வந்தார். பஸ் ஓட்டுகிறவர். காலை முறை முடிந்து சீருடையோடே வருவார், நடையில் இன்னும் ஸ்டியரிங் இருக்கும். மகளைத் தூரத்தில் பார்த்தபோதே பிரேக் போட்டது போல நின்றார்.

"டீச்சர், பாப்பா காதுல மெஷின் எங்க?"

டீச்சர் அப்போதுதான் பார்த்தார். "காலைல இருந்துச்சேம்மா. கணக்கு வகுப்புல கூட நான் பாத்தேனே."

"அப்ப இருந்துச்சுன்னு நீங்க சொல்றீங்க. இப்ப இல்லன்னு நான் சொல்றேன். ரெண்டும் உண்மைன்னா நடுவுல எங்க எறங்கிச்சு?"

"விளையாடும்போது எங்கயாவது…"

"தானா கழண்டு விழுற சாமான் இல்ல டீச்சர். அவ காதையே அச்செடுத்து அவளுக்குன்னு செஞ்சது. இன்னொண்ணு செஞ்சு வர்றதுக்குள்ள இந்த வருஷப் படிப்பு முடிஞ்சிடும். அதுவரைக்கும் இவ வெறும் வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

அம்மா குனிந்து, மகளின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "எங்க வெச்ச?"

பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு படிக்கிறவர்களுக்கு அது ஒரு வசதி. கண்ணை மூடினால் உலகமே வாயை மூடிக்கொள்ளும்.

வகுப்பறை, கழிவறை, புத்தக அலமாரியின் அடி, எல்லாம் தேடியாகிவிட்டது. தலைமையாசிரியையும் வந்துவிட்டார். அப்போது, தன்னைக் கூட்டிப்போக ஆள் வராமல் படியில் உட்கார்ந்திருந்த ஷூக்காரி (அந்த ஒற்றை ஷூவின் சொந்தக்காரி) சாவகாசமாகச் சொன்னாள்.

"அவ தொட்டில போட்டிருப்பா டீச்சர்."

"எதுக்கு?"

"எல்லாருந்தான் போடுறோம். மாறணும்னு இருக்கிறத."

"மாறணும்னா?"

"என் ஷூ சின்னதாயிடுச்சு. பெருசா வரட்டும்னு போட்டேன். நீங்க எடுத்துக் கழுவி வெச்சிட்டீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, பெருந்தன்மையோடு முடித்தாள். "பரவால்ல டீச்சர். உங்களுக்குத் தெரியாதில்ல."

ஷூ, முட்டை, பல், பென்சில் எல்லாம் வரிசையாக வந்து டீச்சரின் கண்முன் நின்றன. ஆசிரியர் அறையில் தான் சிரித்த சிரிப்பு தன் காதிலேயே கேட்டது. [அவர் மனதுக்குள் நான் எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் போயிருப்பீர்கள், கதவு திறந்துதான் கிடந்தது.]

"நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க இவங்களுக்கு?" என்றார் அம்மா. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"நான்… மண்ணைத்தான்மா சொன்னேன்."

"போதும்" என்றார் தலைமையாசிரியை. "நாளைக்குக் காலைல வண்டிய வரச் சொல்றேன். தொட்டிய மொத்தமா அள்ளிட்டுப் போகட்டும். அதுக்குள்ள கெடச்சா கெடச்சது."

அன்று மதியந்தான் கிளறியிருந்தார்கள். இடுப்பளவுக் குவியலில் ஒரு பட்டாணியைத் தேட வேண்டும்.

5

இந்த இடத்தில் கதைக்குள் நான் வருகிறேன். ஆசைப்பட்டு வரவில்லை. [இல்லை, ஆசைப்பட்டுத்தான் வந்தேன்.]

மதியத்திலிருந்தே என் சமையலறையில் ஒரு சத்தம். கொசுவின் ரீங்காரத்தை இழுத்துக் கம்பியாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. குழாயை இறுக்கினேன். ஃப்ரிட்ஜை அணைத்தேன். எனக்குத்தான் காதில் கோளாறோ என்று பயந்து வாயைக் கூட மூடிப் பார்த்தேன். கடைசியில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன்.

"டீச்சர், உங்க தொட்டி மத்தியானத்துலேருந்து விசிலடிச்சுக்கிட்டே இருக்கு."

தலைமையாசிரியை அண்ணாந்து பார்த்தார். "தொட்டி எப்படிங்க விசிலடிக்கும்?"

"அதத்தான் நானும் கேக்கிறேன்."

பாப்பாவின் அம்மா முகம் மாறியது. "அது மெஷின். எதுக்குள்ளயாவது மூடி வெச்சா அப்படித்தான் கத்தும். தலகாணிக்கு அடியில மாட்டிக்கிட்டாக் கூட வீட்டையே எழுப்பிடும்."

*அடிக்குறிப்பு: அது ஏன் கத்துகிறது என்று பின்னால் விசாரித்தேன். காதுக்குள் போக வேண்டிய சத்தம் வெளியே கசிந்து மறுபடி கருவிக்கே திரும்பிவிடுமாம். அது தன் சத்தத்தையே கேட்டு, அதைப் பெரிதாக்கிச் சொல்லி, சொன்னதை மறுபடி கேட்டு, அதை இன்னும் பெரிதாக்கி… வம்புக்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.*

பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்தப் பக்கத்தைப் பலமுறை கிழித்தேன்.

*அவர்கள் ஒரு தெய்வத்தின் முன்னால் போல —*

வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்கிறேன். தலைமையாசிரியை இஸ்திரி கலையாத உடையோடு ஈர மண்ணில் முட்டி போட்டார். அந்தப் பக்கம் டீச்சர். இந்தப் பக்கம் பஸ் ஓட்டும் அம்மா. நடுவில் ஷூக்காரி. நால்வரும் ஆளுக்கொரு பலகையில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒரு குப்பைக் குவியல் சொல்வதைக் கேட்டார்கள். கேட்கிற காதுள்ள அத்தனை பேரும் மண்டியிட்டிருக்க, அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாத ஒரே ஒருத்தி மட்டும் நேராக நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஜன்னலில் தலை நீட்டியிருந்தேன். வாயில் ஒரு கேலியும் வரவில்லை. எனக்கே என்னைப் பிடிக்காமல் போகும் அளவுக்கு அமைதியாக இருந்தேன்.

"இங்க" என்றார் டீச்சர், கிசுகிசுப்பாக.

கம்பி வேண்டாம், கருவி உடைந்துவிடும். அம்மா சீருடைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு உள்ளே கையை விட்டார். உடனே வெளியே இழுத்தார்.

"என்னங்க இது, இன்ஜின் மாதிரி கொதிக்குது?"

"அது அப்படித்தாம்மா."

"எது சூடாக்குது?"

"சாப்பிடுறவங்க" என்றார் டீச்சர். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். இன்னொரு பெரிய வாக்கியம் ஆரம்பமாகிவிடுமோ என்ற பயம்.

அம்மா மறுபடி கையை விட்டார். இந்த முறை இழுக்கவில்லை. தோள்பட்டை வரை போய், கன்னம் குவியலில் பட, கண்ணை மூடிக்கொண்டு துழாவினார். அவருடைய கோபம் எந்த நிமிடத்தில் இறங்கிப் போனது என்று என்னால் குறிக்க முடியவில்லை. நிறுத்தம் வருவதற்கு முன்பே குதித்துவிட்டது போலும். "உள்ள என்னமோ வீடு மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார். சற்றுக் கழித்துத் தலைமையாசிரியையும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, வளையலைக் கழற்றிவிட்டு ஒரு கையை உள்ளே விட்டார். எடுக்கவே இல்லை.

விசில் உரத்தது. அம்மாவின் கை ஒரு ஆரஞ்சோடு வெளியே வந்தது.

முழு ஆரஞ்சு. சுளைகளைத் தின்றுவிட்டு, இரண்டு அரைக் கிண்ணங்களாக இருந்த தோலை ஒன்றோடொன்று பொருத்தி, குறுக்கும் நெடுக்கும் முடிக்குப் போடும் ரப்பரால் கட்டியிருந்தது. அவ்வளவு பதவிசான வேலை. மண் ஒட்டி, ஆவி பறக்க, உள்ளங்கையில் அது கத்திக்கொண்டிருந்தது.

அம்மா ரப்பரைக் கழற்றித் தோலைத் திறந்தார். சத்தம் நின்றது.

6

அதுவரை அசையாமல் நின்றவள் ஓடி வந்தாள்.

"ஏம்மா எடுத்தீங்க? இன்னும் ஆகல."

"என்ன ஆகல?" என்றார் அம்மா.

பாப்பா தோலுக்குள் இருந்த கருவியைக் காட்டினாள். பிறகு தன் வலது காதைத் தொட்டாள்.

"காது."

ஷூக்காரி மட்டும், விஷயம் தெரிந்தவள் போல, மெல்லத் தலையாட்டினாள்.

பாப்பா டீச்சரிடம் திரும்பினாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை, சந்தேகம் கேட்கிற குரல்தான்.

"டீச்சர், இன்னும் எவ்ளோ நாள் ஆகும்?"

டீச்சர் நகர்ந்து அவளுக்கு எதிரே போய், முட்டி போட்டு, முகத்துக்கு முகம் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்ததில் அவர் முதுகு என் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. கருவி அம்மாவின் கையில் இருந்ததால் குரலை உயர்த்திப் பயனில்லை. ஒலியே இல்லாமல், உதட்டால் மட்டும் பேசினார். நான் பார்த்ததெல்லாம் அவருடைய கொண்டையும், அதற்கப்பால் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்த பாப்பாவின் முகமும்.

7

ஒட்டுக்கேட்கிற ஒருத்திக்கு இதைவிடப் பெரிய அநியாயம் நடந்ததில்லை.

விட்டுவிடவில்லை, விசாரித்தேன். டீச்சரைக் கேட்டதற்கு, "அது எங்களுக்குள்ள" என்றார். அம்மாவைப் பிடிக்க, எனக்கு வேலையே இல்லாத ஊர்ப்பக்கம் வரை அவருடைய பஸ்ஸில் போனேன். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், தலைக்கு மேல் எழுதியிருந்த 'ஓட்டுநருடன் பேச வேண்டாம்' என்ற பலகையை விரலால் காட்டினார். பாப்பாவையே கூப்பிட்டு ஜன்னலிலிருந்து கேட்டேன். நான் கேட்டது அவளுக்கு நன்றாகவே கேட்டது. கருவி காதில் இருந்தது, வேலையும் செய்தது. அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு, "என்னா?" என்றாள்.

ஆகவே முடிவை நானே எழுத வேண்டியதாயிற்று. எழுதிப் பார்த்தேன்.

(அ) டீச்சர் உண்மையைச் சொல்கிறார்: காது அப்படி வராது, நான் சொன்னது மண்ணைத்தான். பாப்பா அழுகிறாள். — இது சரியான முடிவு. ஆனால் அவள் அழவில்லை. அதை நான் பார்த்தேன். பாதி பொய்யான உண்மை எனக்கு வேண்டாம்.

(ஆ) டீச்சர், "இன்னும் கொஞ்ச நாள்" என்கிறார். — அப்புறம் அந்தக் கொஞ்ச நாளை யார் எண்ணுவது? தினம் ஜன்னலைத் திறக்கிறவள் நான்.

(இ) டீச்சர் மிக அழகாக ஒன்றைச் சொல்கிறார். — நாலைந்து எழுதினேன். ஒவ்வொன்றும் படித்தால் கண் கலங்கும். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அழகான வாக்கியத்தால்தானே வினையே வந்தது.

(ஈ) டீச்சர் ஒன்றுமே சொல்லாமல் —

இல்லை. அவர் தாடை அசைந்தது. பின்னாலிருந்தே தெரிந்தது.

எனக்குத் தெரிந்த மிச்சம் இதுதான். பேசி முடித்ததும் பாப்பா கருவியை வாங்கிப் பாவாடையில் துடைத்து, காதில் மாட்டினாள். காலியான ஆரஞ்சுத் தோலை மறுபடி பொருத்தி, ரப்பரை மட்டும் எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு (ரப்பர் மக்காது, அது வகுப்புக்கே தெரியும்) தோலைத் தொட்டிக்குள் வைத்து, மேலே ஒரு கை காய்ந்த இலையைப் போட்டாள். பிறகு பலகையில் வலது காதை ஒட்டி வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். அதற்குள் அப்போது சத்தம் போட எதுவும் இல்லை. அவளுக்கு என்ன கேட்டது என்று எனக்குத் தெரியாது.

தலைமையாசிரியை வண்டியை வரச்சொல்ல மறந்துவிட்டாராம். அவர் எதையும் மறப்பவரல்ல. தொட்டி இப்போதும் என் ஜன்னலுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. குளிர்ந்த காலைகளில் ஆவி வருகிறது. நான் வெங்காயத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன்.

ஆறாம் பகுதியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. டீச்சர் பேசிய இடம். அதை நிரப்ப என்னிடம் எதுவும் இல்லை, உங்களிடம் இருக்கலாம். எதிரில் ஏழு வயதுப் பிள்ளை நிற்கிறது, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டிருக்கிறது. பொய் சொல்லக் கூடாது. சொன்ன வாக்கியத்தைக் கைவிடவும் கூடாது. அந்தச் சூட்டை உங்கள் கையும் தொட்டிருக்கிறது.

சொல்லுங்கள். சத்தமே வேண்டாம். மெதுவாக, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல். அவள் உங்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.